தட்டின் அடியில் என்ன பூசினீர்கள்?

இந்த ஆசிரியர் உரையைத் திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் ஆசிரமத்துக்குள் போயிருந்தேன். 1948 ஜூன் 18 அன்று இறந்த பசு லட்சுமிக்கு அங்கே சமாதி இருப்பது பலருக்கும் தெரியும். அருகிலேயே மான் வள்ளிக்கும் நாய் ஜாக்கிக்கும் ஒரு காக்கைக்கும்கூடச் சமாதிகள் உண்டு. வாரந்தோறும் எலிக்கட்டியின் சாற்றைத் தட்டில் பூசிச் செல் வளர்ப்பவனுக்கு அந்த இடத்தில் நிற்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

ரமணர் 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்ததும் அந்த வளாகத்தில்தான். 1949 பிப்ரவரியில் அவருடைய இடக்கையிலிருந்து அகற்றிய சிறு கட்டி, வெட்ட வெட்டத் திரும்ப வந்தது. நான்கு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, ரேடியமும் வைத்துப் பார்த்தார்கள். மருத்துவர்கள் அதைச் சார்க்கோமா என்றார்கள், அதாவது இணைப்புத் திசுவின் புற்று.

செல் வளர்ப்பவர்களின் கதையில் இந்தச் சொல் விடாமல் பின்தொடர்கிறது. வைரஸால் புற்றாக மாறிய செல்களின் மேற்பரப்பில் ஒரு பெரிய புரதம் காணாமல் போவதை 1973இல் ரிச்சர்ட் ஹைன்ஸ் உள்ளிட்டோர் கவனித்தார்கள். பின்னால் ஃபைப்ரோநெக்டின் என்று பெயர் பெற்றது அதுதான். 1979இல் ரூபர்ட் டிம்ப்ளும் ஜார்ஜ் மார்ட்டினும் அவர்களுடைய குழுவினரும் லாமினினைப் பிரித்தெடுத்தது எங்கல்பிரெத்–ஹோம்–ஸ்வார்ம் சார்க்கோமா என்ற எலிக்கட்டியிலிருந்து. (பெயரில் மட்டும்தான் சார்க்கோமா. குருத்தெலும்புப் புற்று என்று முதலில் நினைத்தார்கள், அடித்தளச் சவ்வின் புரதங்களை அது சுரப்பது பிறகுதான் தெரிந்தது.) அந்தக் கட்டியின் சாறுதான் நம் ஃப்ரீசர்களில் மேட்ரிஜெல் என்ற பெயரில் இருக்கிறது.

மேட்ரிஜெல் நமக்குச் செய்த உதவியை மறைக்க வேண்டியதில்லை. பிடிவாதக்காரச் செல்களையும் அது ஒட்ட வைத்தது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது? 2010இல் வந்த ஒரு புரதப் பகுப்பாய்வு 1,800க்கும் மேற்பட்ட புரதங்களை அதில் எண்ணியது. வளர்ச்சிக் காரணிகளும் அவற்றுள் அடக்கம். லாட்டுக்கு லாட் அளவு மாறுகிறது. எலி வைரஸ் ஒன்று சில லாட்டுகளில் தென்பட்டதும் உண்டு. இதன்மேல் செல்லை வளர்த்துவிட்டு, நான் சேர்த்த மருந்தால்தான் செல் இப்படி மாறியது என்று சொல்ல நமக்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

மறுசேர்க்கை முறையில் தயாரான மனிதப் புரதங்கள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கின்றன. 2011இல் ஜேம்ஸ் தாம்சனின் ஆய்வகம் பாக்டீரியாவில் செய்த குறுக்கிய விட்ரோநெக்டினில் மனித மூலவுயிரணுக்களை வளர்த்துக் காட்டியது. ஸ்டாக்ஹோமில் கார்ல் டிரிக்வாசன் குழு மனிதச் செல்களிலேயே லாமினின்–521ஐச் செய்து 2014இல் வெளியிட்டது. ஒசாகாவில் லாமினின்–511இன் E8 துண்டு மட்டுமே போதும் என்று கண்டார்கள். எல்லா லேபிளிலும் ‘மறுசேர்க்கை, மனிதம்’ என்ற இரு சொற்கள்தான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல. பாக்டீரியாவில் செய்த புரதத்தில் சர்க்கரைத் தொடர்கள் இருக்காது. மூலவுயிரணுவை ஒட்ட வைக்க அது தடையில்லை. அதே புட்டியை மேக்ரோஃபேஜ் ஆய்வுக்கு எடுத்தால் முதலில் எண்டோடாக்சின் அளவைப் பாருங்கள். இல்லாவிட்டால் மேட்ரிக்ஸுக்குச் செல் தந்த பதில் என்று பாக்டீரியாச் சுவருக்கு அது தந்த பதிலை எழுதிவிடுவோம். ஃபைப்ரோநெக்டினிலும் இப்படி ஒரு பொறி உண்டு. பிளாஸ்மாவிலிருந்து எடுத்தது கல்லீரலின் வடிவம். திசுச் செல் சுரக்கும் வடிவத்தில் கூடுதல் பகுதிகள் இருக்கும்.

கொலாஜன் கதை இன்னும் சிரமம். சென்னைக்காரர்களுக்கு இதில் சிறிது உரிமை உண்டு. ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜனுக்கு மூவிழை அமைப்பை முன்வைத்தபோது அவர்கள் எக்ஸ்ரே படம் எடுத்தது கங்காரு வாலின் தசைநாணை. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் ஏன் வேண்டும் என்பது அங்கே விளங்கியது. அந்த மூவிழை உடல் வெப்பத்தில் அவிழாமல் நிற்க ஹைட்ராக்சிபுரோலின் தேவை. அதைச் சேர்க்கும் நொதி சாதாரண பாக்டீரியாவிடம் கிடையாது. ஈஸ்ட்டுக்கோ தாவரத்துக்கோ அந்த நொதியின் மரபணுவையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. எலிவால் கொலாஜனை நம்மால் இன்றும் முழுதாக விட முடியாததற்கு இது ஒரு காரணம்.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. புட்டி வெளிநாட்டிலிருந்து வருகிறது, சுங்கத்தில் கிடக்கிறது, உலர்பனி ஆவியாகிவிடுகிறது. ஒருமுறை எனக்கு வந்த பெட்டியைத் திறந்தபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு, ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. ஒட்டத்தான் செய்தது, பாதிச் செல்கள். இதற்கு ஒரு வழி உண்டு. விட்ரோநெக்டின் துண்டின் மரபணு வரிசை பொதுவெளியில் இருக்கிறது. தூய்மைப்படுத்தும் முறையும் வெளியாகியிருக்கிறது. ஷேக்கரும் சென்ட்ரிஃபியூஜும் உள்ள பல்கலைக்கழகத் துறை ஒன்று அதைச் செய்து, எண்டோடாக்சினும் ஒட்டுதிறனும் சோதித்து, மாநிலத்துக்கே கொடுக்கலாம். லாமினினை அப்படிச் செய்ய முடியாது. மூன்று சங்கிலிகள் ஒன்றுசேர வேண்டிய அந்தப் புரதத்தை இப்போதைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும்.

இனி எங்கள் பக்கத்து வேலை. வரும் கட்டுரைகளில் பத்துக்கு எட்டு, ‘5 மைக்ரோகிராம்/மில்லி செறிவில் பூசப்பட்டது’ என்று முடித்துவிடுகின்றன. ஆறுகுழித் தட்டில் ஒரு குழி ஏறத்தாழ 9.5 சதுர செ.மீ. அதில் ஒரு மில்லி ஊற்றினால் சதுர செ.மீ.க்கு அரை மைக்ரோகிராம், இரண்டு மில்லி ஊற்றினால் ஒன்று. செல்லுக்குத் தெரிவது பரப்பு, செறிவு அல்ல. லாமினின்–521ஐக் கால்சியமும் மெக்னீசியமும் உள்ள பஃபரில்தான் கரைக்க வேண்டும். வழக்கமான பிபிஎஸ்ஸில் கரைத்துவிட்டுச் செல் உரிந்து வந்தால் புட்டிமேல் பழி போடுகிறார்கள். பூசிய தட்டு இரவில் காய்ந்துபோனதைக் கட்டுரையில் யாருமே எழுதுவதில்லை.

அடுத்த இதழிலிருந்து மேட்ரிக்ஸின் முழுப் பெயர், துண்டா முழுப் புரதமா, எந்த உயிரில் செய்தது, லாட் எண், சதுர செ.மீ.க்கு எவ்வளவு, எந்தப் பஃபர், எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலை என்பதெல்லாம் இல்லாத கட்டுரை மதிப்பீட்டாளருக்குப் போகாது. எலிக்கட்டிச் சாற்றைப் பயன்படுத்தியவர்கள் மாற்று எதையாவது முயன்றார்களா என்றும் ஒரு வரி எழுத வேண்டும். முயலவில்லை என்று எழுதினாலும் ஏற்போம்.

நேற்று இரவு ஒரு கட்டுரை மின்னஞ்சலில் வந்தது. நல்ல படங்கள், நல்ல கேள்வி. செய்முறைப் பகுதியில் ‘பூசிய தட்டு’ என்று மட்டும் இருந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.