விரைவும் வெம்மையும்

விரைவே மேன்மையென மதிக்கப்படும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். ஊர்தியாயினும் உழைப்பாயினும் முந்திச் செல்வதே வெற்றியென்பது பலருடைய கொள்கை. கணிப்பொறி கையாளும் மாணவரிடையே இக்கொள்கை ‘ஓவர்கிளாக்கிங்’ என்னும் வழக்கமாக உருக்கொண்டுளது. செயலியை ஆக்கியோர் அதற்கு வரையறுத்த துடிப்பின் எண்ணிக்கையை மிகுவித்து, ஒரு நொடியில் அது செய்யும் வேலையைப் பெருக்குதலே அப்பெயர் பெறும். செலவின்றி விரைவு பெறலாமென்னும் ஆசை இதற்குத் தூண்டுகோல். போதிய குளிர்விப்பு இல்லாவிடத்து இம்முயற்சி நன்மை பயக்குமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். பயவாது என்பது எமது துணிபு.

அவ்வாசை அடிப்படையற்றதென்று யாம் கூறோம். 1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் செயலி 300 மெகாஹெர்ட்ஸ் விரைவுக்கென விற்கப்பட்டது. மதர்போர்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்திய அளவில், அவற்றுட் பல 450 மெகாஹெர்ட்ஸில் இனிதே இயங்கின. எளிய விலைப் பொருள் அரிய விலைப் பொருளுக்கு நிகராயிற்று. ஆக்கியோர் விட்டுவைத்த இடைவெளி பெரிதாயிருந்ததே அதற்குக் காரணம். ஆயின் 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தாரே தம் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் மூன்று செயலியை, அது நிலையாக இயங்காமை கண்டு திரும்பப் பெற நேர்ந்தது. 2008 முதற்கொண்டு அவர்தம் செயலிகளில் டர்போ என்னும் ஏற்பாடு புகுந்தது. வெப்பமும் மின்னாற்றலும் இடங்கொடுக்கும் அளவிற்குச் செயலி தானே தன் விரைவை உயர்த்திக்கொள்ளும். எனவே முன்னாளில் எஞ்சிக் கிடந்த இடைவெளியிற் பெரும்பகுதியை இன்று ஆக்கியோரே பயன்படுத்திக்கொள்கின்றனர்.

இனி வெப்பத்தின் கணக்கைக் காண்போம். செயலி இயங்குங்கால் எழும் வெப்பம் துடிப்பின் விரைவிற்கு நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேராகவும் பெருகும். விரைவைப் பத்து விழுக்காடு கூட்டுங்கால், செயலி தடுமாறாதிருக்க மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு கூட்ட நேர்ந்ததெனக் கொள்வோம். விரைவு பத்துப் பங்கு கூட, வெப்பமோ ஏறத்தாழ முப்பத்து மூன்று பங்கு கூடும். வரவினும் செலவு மும்மடங்காகும் இவ்வாணிகத்தை எவரே விரும்புவர்?

செயலியோடு வரும் சிறு விசிறி, அறையின் காற்றைக்கொண்டே அதனைக் குளிர்விக்கின்றது. ஆதலின் அறையினும் குளிர்ந்த நிலைக்கு அதனைக் கொணர இயலாது. முழுவேலையின்போது செயலி அறையினும் 55 டிகிரி மிகுந்து நிற்பதாகக் கொள்வோம். 22 டிகிரி உள்ள குளிர்நாட்டு அறையில் அது 77 ஆகும். 36 டிகிரி உள்ள நம் அறையில் 91 ஆகும். மேற்கூறியவாறு வெப்பத்தை மிகுத்தாலோ, அங்கு 95 ஆகவும் இங்கு 109 ஆகவும் உயரும். மேசைக் கணிப்பொறிச் செயலிகள் பலவற்றுக்கு வரம்பு 100 டிகிரியே. பிறநாட்டார் வெற்றியை அப்படியே ஈண்டு எதிர்பார்த்தல் பிழையென்பது இதனால் விளங்கும்.

இராமநாதபுரத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவின் கரையில், தேவிபட்டினத்தை அடுத்துள்ள திருப்பாலைக்குடியை எண்ணிப் பார்மின். சித்திரை வைகாசியின் வெம்மை ஒருபால். உப்பும் ஈரமும் கலந்த கடற்காற்று ஒருபால். உப்புத்துகள் ஈரத்தை ஈர்க்கும். ஈரத்தோடு புழுதி சேர்ந்து ஹீட் சிங்கின் தகடுகளிடையே அப்பிக்கொள்ளும். நாளடைவில் உலோகமும் அரிப்புறும். அக்காலத்திலேயே, ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள், மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடல் வருவாயை நம்பிய இல்லத்தில், கடன்பட்டு வாங்கிய கணிப்பொறி அந்நாட்களிற் பழுதுபடுமாயின் மற்றொன்று வாங்கப் பொருள் ஏது? தம்பி தங்கையர் படிப்பும் அதனோடன்றோ நின்றுபோகும்?

வரம்பைத் தொட்ட செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே விரைவைக் குறைத்துக்கொள்ளும். கூட்டிய விரைவு அப்போதே வீணாகும். அதனினும் கொடிது, நிலைகுலைந்த செயலி ஓசையின்றிப் பிழை செய்தல். எம்மைப் போன்ற தமிழ் மாணாக்கர் பல திங்கள் உழைத்துத் தொகுத்த சொல்லடைவில் ஓர் எழுத்து மாறிப் பதிந்தால், அதனைக் கண்டுபிடிப்பவர் யாவர்? நின்றுபோன பொறியினும் பொய் கூறும் பொறி கேடுடையது.

“நல்ல குளிர்விப்புக் கருவி வாங்கிக்கொண்டால் என்னை?” என்பர் சிலர். நன்று, வாங்க வல்லார் செய்க. அப்போதும், இன்டெல் செயலிகளிற் பெரும்பாலும் ‘கே’ என்னும் குறியுடையனவே இதற்கு இடந்தருவன. வரையறை மீறி இயக்கினால் ஆக்கியோரின் உத்தரவாதம் நீங்கவுங்கூடும். யாம் மறுப்பது முயற்சியையன்று, வலியறியாத முயற்சியையே. வள்ளுவனார் வலியறிதலுக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததை நாம் மறத்தலாகாது. நம் கடற்கரை மீனவரும் இதனை நன்கறிவர். படகின் இஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடாதாயின், விரைவைக் கூட்டார், நிறுத்துவர்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? தகடுகளின் புழுதியை அவ்வப்போது அகற்றுக. உலர்ந்துபோன தெர்மல் பேஸ்டைப் புதுப்பிக்க. கேபினெட்டைச் சுவரினின்று ஒரு சாண் தள்ளி வைக்க. மதர்போர்டு இடந்தருமாயின், விரைவை மாற்றாது மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் சோதித்துப் பார்க்க. பத்து விழுக்காடு குறைக்க முடிந்தால், முன் சொன்ன கணக்கின்படி வெப்பம் பத்தொன்பது விழுக்காடு தணியும். வெப்பம் தணிந்தால் டர்போ நெடிது நிற்கும். அதுவே நமக்கு உண்மையான விரைவு. பழைய ஹார்ட் டிஸ்குக்கு ஈடாக எஸ்எஸ்டி ஒன்று பொருத்தினால், அன்றாடப் பணியிற் காணும் பயன் இன்னும் பெரிது.

நண்பர்காள்! ஒரு நாழிகை பறந்து மறுநாழிகை ஓய்ந்து விழுவதைக் காட்டிலும், ஆண்டு முழுதும் அயராது நடப்பது சிறந்தது. விடுமுறைக்கு வீடு செல்லுங்கால், விரைவைக் கூட்டும் எண்ணத்தை விடுத்து, முதலிற் கேபினெட்டைத் திறந்து புழுதியைத் துடைப்போமாக.