நோய் போயிற்று, சிரமம் போகவில்லை

பசுவந்தனை போன்ற கரிசல் கிராமங்களிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கோவில்பட்டிக் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகள் பலர். வானத்தைப் பார்த்துப் பருத்தியும் உளுந்தும் விதைக்கிற குடும்பங்கள், வயிற்றைக் கட்டி அவர்களைப் படிக்க வைக்கின்றன. அப்படிப்பட்ட மாணவருக்குக் காசநோய் வந்தால் கதி என்ன?

சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். அதுவரை சத்துணவுக்காகச் சர்க்கார் பணம் கொடுக்கிறது. 2018-ல் மாதம் 500 ரூபாயாக இருந்த அந்தத் தொகை, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் மருந்து நின்றதும் பணமும் நின்றுவிடும். நுரையீரலில் தழும்பு விழுந்தவருக்கு மூச்சிரைப்பு நிற்பதில்லை. மூன்றாவது மாடி வகுப்புக்கு ஏறுவதே அவருக்குப் பெரும்பாடு.

ருமாட்டிக் காய்ச்சலில் இருதய வால்வு பழுதானவர்கள், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசிக்குப் போயாக வேண்டும். வகுப்புக்கு நூற்றுக்கு 75 வருகை தேவை என்பது கல்லூரிகளின் பொது விதி. ஊசிக்குப் போன நாளெல்லாம் வராத நாள்தான்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு, சர்க்கார் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவிகித இடம் உண்டு. தாலசீமியா, ஹீமோபிலியா நோயாளிகளும் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் இதில் சேருவார்கள். ஆனால் காசநோய் விட்டுப்போன மூச்சிரைப்பும், இருதய வால்வுக் கோளாறும் அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலைத் திருத்த டில்லிக்குப் போக வேண்டும். கல்லூரி விதியைத் திருத்த அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இத்தகைய மாணவரின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றலாம். ஆஸ்பத்திரிக்குப் போன நாளை வருகைக் கணக்கில் தள்ளிக்கொடுக்கலாம். அன்று தவறிய பரீட்சையை மறுபடி வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வாத்தியாரிடம் கெஞ்ச விடாமல், இதைக் கவனிக்க ஓர் ஆசிரியரை நியமிக்கலாம். இதற்கெல்லாம் அதிகச் செலவு இல்லை.

"பொய்ச் சர்டிபிகேட் கொண்டுவருவார்களே!" என்பார்கள். சிலர் கொண்டுவரக்கூடும். சர்க்கார் டாக்டரின் சான்றை வருஷத்துக்கு ஒரு முறை கேட்டு வாங்கினால் போதுமே. நாலு பொய்யருக்குப் பயந்து நோயாளியைத் தண்டிப்பது நியாயமா?

மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்த பிள்ளையை, வருகைக் கணக்குக் காட்டி வீட்டுக்கு அனுப்பலாகாது. கல்லூரி நிர்வாகிகளும் பல்கலைக்கழகமும் வரும் கல்வி ஆண்டுக்குள் ஆவன செய்ய வேண்டும்.