ஃபார்மேட் போடுவதே வைத்தியமா?

கடையில் கல்லாப் பெட்டிக்கு அடுத்தபடியாக இன்று நாம் நம்பியிருப்பது பில் போடும் கம்ப்யூட்டரைத்தான். வரவு, செலவு, சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. அது நடு வியாபாரத்தில் திடீரென்று அசையாமல் நின்றுவிடுகிறது. மவுஸ் நகராது, கீபோர்டில் எதைத் தட்டினாலும் பதில் இராது. அணைத்துப் போட்டால் ஓடும். இரண்டு நாள் கழித்து மறுபடி நிற்கும். ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பண்டிகை நேரத்தில் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

பழுது பார்ப்பவரை அழைத்தால் பெரும்பாலும் வரும் பதில், “வைரஸாக இருக்கும் சார், ஃபார்மேட் போட்டுவிடலாம்” என்பதே. நாமும் தலையாட்டிவிடுகிறோம். கூலி போகிறது, ஒரு நாள் வியாபாரம் கெடுகிறது, சில சமயம் கணக்கும் அழிந்துபோகிறது. அடுத்த வாரமே கம்ப்யூட்டர் பழையபடி நிற்கிறது. காரணம் தெரியாமல் ஃபார்மேட் போட இனி எந்த வணிகரும் சம்மதிக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சாஃப்ட்வேரில் கோளாறே வராது என்பதல்ல. புதிதாக ஒரு புரோகிராமோ டிரைவரோ ஏற்றிய பிறகு தொல்லை ஆரம்பித்தது என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் எந்த மாற்றமும் செய்யாத கம்ப்யூட்டர், எந்த வேலையில் இருந்தாலும் நேரம் காலம் இல்லாமல் நின்றால், பெட்டிக்குள் இருக்கும் பாகங்களையே பார்க்க வேண்டும். உதிரி பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் இது இன்னும் முக்கியம். அதில் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு கம்பெனியுடையது. முழுப் பெட்டிக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கத் தயாரிப்பாளர் என்று ஒருவர் கிடையாது.

பாகங்களில் முதலாவது சூடு. மளிகைக் கடையில் மாவும் மிளகாய்த் தூளும், ஜவுளிக் கடையில் பஞ்சும் பிராசசர் ஃபேனில் படிந்து காற்றை அடைத்துவிடும். பிராசசர் மீது தடவிய பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். மத்தியானத்தில் மட்டும் நிற்கிறது என்றால் இதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது எஸ்.எம்.பி.எஸ். விலை குறைக்க வேண்டும் என்றால் முதலில் கைவைக்கப்படுவது இந்தப் பாகத்தில்தான், வெளியே தெரியாதல்லவா! 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது இதன் வேலை. உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் பலவீனமானால் மின்சாரம் சீராக வராது. ஜெனரேட்டருக்கோ யு.பி.எஸ். பேட்டரிக்கோ மாறும் நேரத்தில் நிற்பது இதன் அடையாளம், யு.பி.எஸ்.ஸையும் எர்த்தையும் அப்போதே சோதித்துவிட வேண்டும். 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தரமற்ற கப்பாசிட்டர்களால் பல கம்பெனிகளின் மதர்போர்டுகளே உப்பி வீணாகிப் போனது தொழிலில் உள்ளவர்கள் அறிந்ததே.

மூன்றாவது ராம். ஒழுங்கே இல்லாமல் நிற்கும் இயந்திரத்தில் இதன்மேல் சந்தேகம் வலுவாக விழும். கழற்றித் துடைத்து அழுத்திப் பொருத்தினாலே சில சமயம் சரியாகிவிடும். இல்லையேல் இரவு கடை அடைத்த பின் மெம்டெஸ்ட்86 என்ற இலவச சோதனையை ஓடவிடலாம். அதில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அதைத் தள்ளிவிடலாகாது.

நான்காவது ஹார்டு டிஸ்க். மவுஸ் மட்டும் நகர்ந்து, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே எல்லாம் நின்றால் இதுவாக இருக்கலாம். அப்போது முதல் வேலை கணக்கை வேறிடத்தில் நகல் எடுப்பது, சோதனையெல்லாம் பிறகுதான்.

விலை உயர்ந்த பாகம் பழுதாகாது என்றும் எண்ண வேண்டாம். இன்டெல் கம்பெனியின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் சில திடீரென்று நின்றுபோவதாக எழுந்த புகாரை ஒட்டி, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கியதே காரணம் என்று 2024இல் அக்கம்பெனியே ஒப்புக்கொண்டது. பயாஸ் மூலம் திருத்தம் கொடுத்தது. வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை அந்தத் திருத்தம்கூடக் குணப்படுத்தாது. அங்கே ஃபார்மேட் என்ன செய்யும்? முறையான பில் வைத்திருந்தவருக்குத்தான் அந்த வாரண்டியைக் கேட்டு வாங்குவது சுலபம்.

எனவே வணிகர்கள் செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். நின்ற தேதி, மணி, அப்போது நடந்த வேலை, கரண்ட் இருந்ததா பேட்டரியில் ஓடியதா என்பதைக் குறித்து வாருங்கள். பத்து வரி சேர்ந்தால் பெரும்பாலும் அதிலேயே காரணம் தெரிய ஆரம்பிக்கும். விண்டோஸ் வைத்திருக்கும் பதிவில் ‘கெர்னல் பவர் 41’ என்று காட்டி, எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்பார்கள். முறைப்படி அணைக்கப்படாமல் கம்ப்யூட்டர் மறுபடி துவங்கியது என்பதே அதன் பொருள். ஏன் என்பதை அது சொல்லாது.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடுகிற வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பொருத்திப் பாருங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் கோளாறு போகலாம். எதனால் போனது என்று தெரியாமல், நல்ல பாகத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருப்போம்.

கணக்கின் நகல் தினமும் எடுக்கப்பட வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்வதற்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாத்தாக வேண்டும். ஃபார்மேட் போட்டதில் போய்விட்டது என்ற சமாதானம் அதிகாரியிடம் எடுபடாது.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்போரும் நம் சகோதர வணிகர்களே. அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. விலையை இழுத்துப் பிடித்துக் குறைக்கச் சொல்பவர்களும் நாம்தானே! ஆனால் ஒரு மூட்டை பருப்பு வாங்கினாலும் ரகம் பார்த்து, எடை பார்த்து வாங்குகிற நாம், ‘கம்ப்யூட்டர் ஒன்று’ என்று ஒரே வரியில் எழுதிய பில்லை எப்படி ஏற்றுக்கொள்கிறோம்? ஒவ்வொரு பாகத்தின் கம்பெனி பெயர், மாடல், சீரியல் நம்பர், வாரண்டிக் காலம் ஆகியவை பில்லில் இருக்க வேண்டும். நேர்மையாக விற்பவருக்கும் அதுவே பாதுகாப்பு.

நமது சங்கமும் இதில் முன்வர வேண்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, ராம் ஒரு ஜோடி, வெளி டிஸ்க் ஒன்று ஆகியவற்றைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்தால், சோதனைக்காக உறுப்பினர் எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். கடைவீதி முழுவதற்கும் சேர்த்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு தொழில்நுட்பவியலாளரை அமர்த்தினால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். தீபாவளி வியாபாரம் துவங்கும் முன்பே முடிவெடுத்தால் அனைவருக்கும் நலம்.