பத்து லிட்டர் கோதுமை பீரும் 1937ஆம் ஆண்டுச் சட்டமும்

நாமகிரிப்பேட்டையில் ஒருவர் தன் வீட்டு அடுப்படியில் பத்து லிட்டர் கோதுமை பீர் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். கோதுமையையும் பார்லியையும் முளைகட்டி, உலர்த்தி, குருணையாக உடைக்கிறார். 65 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வடிகட்டிய இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவைக்கிறார். ஆறியதும் ஈஸ்ட் கலந்து மூடிவிடுகிறார். இரண்டு வாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஆல்கஹால் உள்ள, கலங்கலான, நுரைத்த பானம் கிடைக்கிறது. அதை அவர் யாருக்கும் விற்கவில்லை. வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகவும் இல்லை. ஆனாலும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் பார்வையில் அவர் சட்டவிரோதமாக மது தயாரித்தவர். கல்வராயன் மலையில் பீப்பாய் பீப்பாயாக ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுகிறவர் மீது பாயும் அதே தடைதான் இவர் மீதும் பாயும். மது என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் கள், பீர், ஒயின், சாராயம் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையைப் பிரிக்க வேண்டும். வீட்டுத் தேவைக்காக, விற்பனை இல்லாமல், ஓர் அளவுக்குள் புளிக்கவைக்கப்படும் மென்பானங்களுக்குச் சட்டம் வழிவிட வேண்டும். காய்ச்சி இறக்குவதற்கு இன்றுள்ள தடை அப்படியே தொடர வேண்டும்.

இதை நாமகிரிப்பேட்டையை வைத்துப் பேசக் காரணம் இருக்கிறது. இந்தச் சட்டம் பிறந்த மண் இதுதான். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான் அமல்படுத்தினார். நாமகிரிப்பேட்டை இன்றிருக்கும் நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முன் ராசிபுரமும் நாமகிரிப்பேட்டையும் சேலத்தைச் சேர்ந்தவை. மதுவிலக்குச் சட்டத்துக்கு வெகு முன்பே, 1925இல், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை அங்கிருந்து நடத்தியவர் ராஜாஜி. கல்கி அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்தார். கூலியைக் கள்ளுக்கடையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய உழைப்பாளிகளை ராஜாஜி கண்ணெதிரே பார்த்தவர். அவருடைய கோபத்தில் பொய் இல்லை. அந்தக் கோபத்துக்கு விலை கொடுக்கவும் அவர் அரசு தயாராக இருந்தது. மது வருமானத்தை இழந்து, அதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. குடி கூடாது என்று சொன்ன அரசு, குடியால் வரும் காசும் வேண்டாம் என்று சொன்னது. சட்டத்தின் தார்மீக பலம் அங்கேதான் இருந்தது.

அந்த பலம் எப்போதோ கரைந்துவிட்டது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1973, 1974இல் கடைகள் மறுபடி மூடப்பட்டன, 1981இல் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த வியாபாரத்துக்காக உருவானது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. சீமைச் சரக்குக்குத் தடை இல்லை. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. 2023-24இல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். இதில் வேடிக்கை, இந்தக் கடைகள் அத்தனையும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் உரிமத்தால்தான் நடக்கின்றன. பெயரும் ஆண்டும் அப்படியே இருக்க, ‘குடிக்காதே’ என்ற சட்டம் ‘குடிப்பதானால் என்னிடம் வாங்கிக் குடி’ என்ற சட்டமாகிவிட்டது.

கோதுமை பீருக்கு இந்தக் கதை புதிதல்ல. ஜெர்மனியின் பவேரியாவில் 1516இல் ஓர் அரசாணை வந்தது: பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் சேரக் கூடாது. கோதுமையை ரொட்டிக்கு மிச்சம் பிடிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று என்று சொல்வார்கள். ஆனால் கோதுமை பீர் காய்ச்சும் தனியுரிமை ஒரு பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. 1602இல் அந்தக் குடும்பத்துக்கு வாரிசு இல்லாமல் போகவே, உரிமை முதலாம் மாக்சிமிலியன் கோமகனிடம் வந்து சேர்ந்தது. ஊருக்கெல்லாம் கூடாது என்ற பானத்தை அவர் தன் சொந்த ஆலைகளில் காய்ச்சி விற்று கஜானாவை நிரப்பிக்கொண்டார். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அப்படியே ஓடியது. 1872இல் ஜார்ஜ் ஷ்னைடர் என்ற தனிமனிதர் கோதுமை பீர் காய்ச்சும் உரிமையைப் பெற்றபோது, அந்தப் பீர் ஏறக்குறைய வழக்கொழியும் நிலையில் இருந்தது. இன்று பவேரியாவின் அடையாளமே அதுதான். ஆள்பவர் தடை என்ற பெயரில் ஏகபோகம் நடத்துவதற்கு நம் கோட்டை முன்மாதிரி தேடியிருந்தால், இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்திருக்காது.

எதிர்வாதங்களில் முதலாவது, மிகக் கனமானது: கள்ளச்சாராயச் சாவுகள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் கொத்துக் கொத்தாக உயிர்கள் போயின. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேல். அதற்குப் பிறகுதான் உயிர்ச்சேதத்துக்குக் காரணமான சாராய வியாபாரிக்கு ஆயுள் தண்டனை என்று சட்டம் திருத்தப்பட்டது. இத்தனைக்கும் பிறகு வீட்டுக்கு வீடு மது தயாரிக்க அனுமதிப்பதா என்று கேட்பவர்களின் பதற்றம் நியாயமானது. ஆனால் அந்த மக்களைக் கொன்றது புளிப்பு அல்ல, மெத்தனால். பெயின்ட், பிசின், மருந்துத் தொழிற்சாலைகளுக்கான ரசாயனம் அது. லாபத்துக்காகச் சாராயத்தில் கலக்கப்படுகிறது, அல்லது சாராயம் என்ற பெயரில் தண்ணீர் கலந்து நேரடியாகவே விற்கப்படுகிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும்தான் வெளியிடுகிறது. மெத்தனால் சிறிதளவாவது உருவாக பெக்டின் வேண்டும். அது பழத்தோலிலும் சதையிலும் இருப்பது. கோதுமையிலும் பார்லியிலும் பேச்சுக்குக்கூட இல்லாத அளவுதான். புளித்த பானத்தைக் காய்ச்சி ஆவியை இறக்கும்போது செறிவு கூடும், ஆபத்தும் கூடும். புளிக்கவைத்ததோடு நின்றுவிட்டால், தன் வீட்டுக்குத் தானே செய்து தானே குடிக்கிறவர் மெத்தனாலை விலைக்கு வாங்கி அதில் ஊற்றிக்கொள்ளப் போவதில்லை. நஞ்சு வியாபாரத்தில் பிறக்கிறது. ஆகவே விற்பனையில்தான் சட்டம் கெடுபிடி காட்ட வேண்டும்.

காவல் துறையினர் வேறொன்று சொல்வார்கள், அது அனுபவத்தில் வந்த கேள்வி. சாராய ஊறலும் புளிப்புதானே? வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் புதைத்த பீப்பாயைப் பிடித்தால், ‘இது என் வீட்டு பீர்’ என்று ஒருவன் சொன்னால் என்ன செய்வது? கோட்டை எங்கே போடுவது என்பதில் இருக்கிறது விடை. ஊறலை யாரும் ஊறலாகக் குடிப்பதில்லை. அது அடுப்புக்கும் ஆவி இறக்கும் குழாய்க்கும் காத்திருக்கும் பொருள். எனவே காய்ச்சி இறக்கும் சாதனம் எந்த அளவில் இருந்தாலும் குற்றம் என்பது முதல் கோடு. இரண்டாவது கோடு அளவு: ஒரு குடும்பம் ஒரு நேரத்தில் இருபது லிட்டருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றால், 200 லிட்டர் பீப்பாய்களில் போடும் ஊறலுக்கு அந்தப் போர்வை போதாது. மூன்றாவது இடம்: குடியிருக்கும் வீட்டுக்குள் மட்டும், ஓடையிலும் மலைச்சரிவிலும் அல்ல. பீரின் வலிமையை அளக்க ஆய்வகம்கூட வேண்டாம். ஈஸ்ட் சேர்க்கும் முன்பும் புளித்து முடிந்த பின்பும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் போதும். 1.050 என்று தொடங்கி 1.012இல் நின்றால் கிடைப்பது 5 சதவீதம்.

அந்த 5 சதவீதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. அதே 77 மில்லியை வீட்டுக் கோதுமை பீரில் அடைய ஒன்றரை லிட்டர் குடித்தாக வேண்டும். வயிறு முதலில் போதும் என்று சொல்லிவிடும். பத்து லிட்டர் பீருக்கு இரண்டரைக் கிலோ அளவுக்குத் தானியம், அரை நாள் உழைப்பு, இரண்டு வாரக் காத்திருப்பு. குவார்ட்டருக்கு வேண்டியது கடைவாசல் வரிசையில் கொஞ்ச நேரம். அவசரத்துக்குக் குடிக்கிறவன் முளைகட்டி உட்கார்ந்திருக்க மாட்டான். உழைப்பும் தாமதமும் எந்தத் துண்டுப் பிரசுரத்தையும்விட நல்ல கட்டுப்பாடு.

இதன் கைப்பக்குவமும் லேசல்ல. கோதுமைக்கு உமி இல்லை. கோதுமையை மட்டும் ஊறவைத்தால் கூழாகி வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி பார்லி சேர்ப்பது அதன் உமி வடிகட்டிப் படுகையாக உதவும் என்பதற்காகவே. வெயில் அடுத்த சிக்கல். கோதுமை பீருக்குரிய ஈஸ்ட் 18 முதல் 24 டிகிரி வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். கிராம்பும் வாழைப்பழமும் கலந்த வாசனையை அது தருவது அந்தச் சூட்டில்தான். சித்திரை வைகாசியில் நாமகிரிப்பேட்டை சமவெளியில் 35 டிகிரியைத் தாண்டும்போது அதே ஈஸ்ட் தலைவலி தரும் காட்டமான பொருட்களை உண்டாக்கிவிடும். பக்கத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் கொல்லிமலைக்கு அந்தக் கவலை குறைவு. முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்துக் கஞ்சி காய்ச்சும் வீடுகளுக்கு, தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் முதல் பாதி வேலை ஏற்கெனவே கைவந்த ஒன்று. போத்தலில் அடைக்கும்போது சர்க்கரையை அளவுக்கு மேல் போட்டால் கண்ணாடி வெடிக்கக்கூடும். அனுமதி தருகிற அரசு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெண்களின் எதிர்ப்பை இப்படிக் கணக்கு காட்டிக் கடந்துவிட முடியாது. கடையில் இருக்கும் குடியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவருவதா, பிள்ளைகள் கண்முன்னே பானை வைப்பதா என்று அவர்கள் கேட்டால், முழுத் திருப்தியான பதில் என்னிடம் இல்லை. சில வீடுகளில் இது கெடுதலாகவே முடியும். வயது வந்த குடும்பத்தினர் எல்லோரும் எழுத்தில் சம்மதித்தால்தான் பதிவு, மனைவியோ தாயோ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பதிவு ரத்து என்று விதி வைக்கலாம். கடை எங்கே திறக்க வேண்டும் என்பதில் ஊர்ப் பெண்களின் சம்மதத்தைக் கேட்கும் வழக்கம் இதுவரை இருந்ததில்லை. கடையை மூட அவர்கள்தான் சாலையில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த வகையில் இந்த விதி அவர்களுக்குக் கூடுதல் அதிகாரமே தரும்.

வெளியுலக அனுபவமும் நம் பக்கம் இருக்கிறது. பிரிட்டன் 1963இல் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை என்றது. அமெரிக்காவில் முழு மதுவிலக்கு 1933இல் முடிந்தும் வீட்டு பீருக்குத் தடை நீடித்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதை நீக்கியது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரம்பு, விற்கக் கூடாது, காய்ச்சி இறக்க இடமில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் பழங்குடிக் குடும்பங்களுக்கு வீட்டு மதுவில் வரம்புடன் விலக்கு தருகின்றன. அசாமின் திமாசா மக்கள் அரிசியில் தயாரிக்கும் ஜுடிமாவுக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்தது. கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இந்திய அரசமைப்பின் 47ஆவது கூறு மதுவிலக்கை நோக்கி நடக்கச் சொல்வது உண்மைதான். அந்தக் கூறு அந்த மாநிலங்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஹாப்ஸும் ஈஸ்ட்டும் தபாலில் வரவழைத்துக் கோதுமை பீர் தயாரிக்கப்போவது யார்? பெங்களூரில் பீர் ஆலை உணவகங்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய படித்த இளைஞர்கள். அவர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டு, பனையேறி இறக்கிய கள்ளுக்கு வழக்குப் போட்டால் அது நீதியாகுமா? ஆகாது. ஈஸ்ட்டுக்குச் சாதி தெரியாது. தென்னம்பாளையில் சொட்டும் சாற்றையும் கோதுமைச் சாற்றையும் ஒரே வேலையாகத்தான் புளிக்கவைக்கிறது. கள்ளுக்கு அனுமதி கேட்டுப் போராடும் நல்லுசாமியின் கள் இயக்கம் கொங்குப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருவதும் இதைத்தான். 2017இல் நீரா என்ற புளிக்காத தென்னஞ்சாற்றை இறக்கத் தென்னை விவசாயிகளுக்கு விதிமுறை வகுத்தபோதே, மரத்தில் ஏறிச் சாறு இறக்குவது குற்றம் அல்ல என்று அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகவே திருத்தம் வருமானால் அதில் முதல் வரி சொந்த மரத்துக் கள்ளுக்கு இருக்க வேண்டும். கோதுமை பீர் இரண்டாவது வரியில் வரட்டும். இரண்டுக்கும் ஒரே இருபது லிட்டர், ஒரே விற்பனைத் தடை. பதிவு கிராம நிர்வாக அலுவலர் வழியே, கட்டணம் இல்லாமல். அரசு வருமானம் குறையுமே என்று நிதித் துறை கேட்கும். குறையட்டும், 1939இல் குறைந்ததுபோல் அல்ல, ஏதோ கொஞ்சம். புதிய விதியை மாநிலம் முழுதும் ஒரேயடியாகக் கொண்டுவர வேண்டியதும் இல்லை. 1937இல் செய்தது போலவே ஒரு மாவட்டத்தில் தொடங்கி, இரண்டு ஆண்டுகள் வழக்குகளையும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த மாவட்டம் நாமக்கல்லாக இருக்கலாம்.