'போதாது' என்றால் போதுமா?

பட்டப்படிப்பையே எட்டிப்பார்க்காத எனக்கு டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பத்திரிகை ஆசிரியர்களிடம் திருத்தம் வாங்கி வாங்கியே எழுதப் பழகியவன் நான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

எனக்குத் தெரிந்த செங்கற்பட்டுப் பையன் ஒருவன், மாமல்லபுரத்துக் குகைகளை அளந்து ஓர் அத்தியாயம் எழுதிக் கொடுத்தான். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே வார்த்தை: 'போதாது'. எது போதாது? அளவா, ஆதாரமா, அறிவா? இதைக் கண்டிப்பு என்கிறார்கள். நான் சோம்பல் என்கிறேன்.

அதே ஊரில் அர்ஜுனன் தபசு என்று வழங்கிய சிற்பத்தை, 1914-இல் விக்டர் கோலூபெவ் கங்கை இறங்கும் காட்சி என்றார். பாறைப் பிளவையும் அதிலுள்ள நாகர்களையும் காட்டினார். மாமல்லபுரத்துப் பணிகள் அனைத்தும் ராஜசிம்மனுடையவை என்று 1962-இல் இரா. நாகசாமி எழுதினார். மறுத்தவர்களும் கல்லையும் கல்வெட்டையும் காட்டித்தான் மறுத்தார்கள்.

தம்பி, அத்தியாயத்தில் விழுந்த கோட்டை முதுகில் விழுந்த அடியாக எண்ணி மூலையில் உட்காராதே. 'எந்தப் பக்கம், எந்த வரி?' என்று பணிவாக, விடாமல் கேள்.

பேராசிரியர் ஐயா, பையன் ஆராய்ச்சியை விட்டுவிட யோசிக்கிறான். அந்த வார்த்தைக்குக் கீழே இன்னும் நாலு வரி எழுதுங்கள்.