தினமும் சாப்பிடுகிறவரே சாட்சி

அம்பத்தூர் ஓ.டி. பக்கத்திலோ ஆவடி மார்க்கெட்டை ஒட்டியோ பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரிலோ உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றிச் செல்போனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஓர் எண். 4.1 என்றோ 3.8 என்றோ இருக்கும். அதற்குக் கீழே 'சூப்பர்', 'சுமார்', 'வேஸ்ட்' என்று ஒற்றைச் சொற்கள். இவற்றை வைத்துக்கொண்டு இன்று இரவு எங்கே சாப்பிடலாம் என்று முடிவு செய்ய முடியாது. கடைக்காரராலும் இதைப் படித்துவிட்டு எதையும் திருத்திக்கொள்ள முடியாது. உள்ளூர்க் கடைகளைப் பற்றிக் கருத்துச் சொல்வதை நாம் இன்னும் ஒரு பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொறுப்பு என்றைக்கோ ஒருநாள் வந்துபோகிறவரைவிட அங்கேயே தினமும் கைநனைக்கிறவருக்குத்தான் அதிகம் உண்டு என்பது என் வாதம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் வெளியே சாப்பிடுவது பெரும்பாலும் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்போடு சேர்ந்த விஷயம். 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. பின்னால் அதே பேட்டையில் ஐ.டி. வளாகங்கள் எழுந்தன, பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கின. ஷிப்ட் முடிந்து இரவு பதினோரு மணிக்கு அறைக்குத் திரும்புகிற இளைஞர்களுக்கும், மண்ணூர்பேட்டையில் நான்கு பேராக ஓர் அறையில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கும், மகளிர் விடுதிகளில் இருக்கும் பெண்களுக்கும் வீட்டு அடுப்பு என்று ஒன்று இல்லை. மெஸ்ஸும் தள்ளுவண்டியும் கையேந்தி பவனும்தான் அவர்களுக்குச் சோறு போடுகின்றன. 2013இல் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று அம்மா உணவகம் தொடங்கியபோது அங்கே வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாலே இந்தத் தேவையின் அளவு புரிந்திருக்கும். இப்படிப்பட்டவர் ஒரு கடையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் போவது நூறு ரூபாயும் ஒரு நல்ல மாலையும் மட்டுமல்ல. வயிற்றைக் கலக்கினால் மறுநாள் கூலியும் போகும்.

இங்கே ஒருவர் சொல்லும் கருத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை 'யெல்ப்' தளத்தின் மதிப்பெண்களோடு பொருத்திப் பார்த்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் தனிக் கடைகளின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்ந்தது. சங்கிலித் தொடர் உணவகங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. காரணம் எளியது. பெரிய பெயர் கொண்ட ஓட்டலின் கிளை கொரட்டூரில் திறந்தாலும் கோயம்புத்தூரில் திறந்தாலும் அங்கே என்ன கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்கு முன்பே தெரியும். விளம்பரத்துக்குக் காசு இல்லாத, பெயர்ப்பலகையில் பெயிண்ட் உரிந்துபோன திருமுல்லைவாயல் மெஸ்ஸுக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் வார்த்தையைத் தவிர வேறு முதலீடு கிடையாது. அதனால்தான் அந்த வார்த்தை சரியாக இருந்தாக வேண்டும்.

நட்சத்திரத்தின் முதல் கோளாறு, அது ஒரு கடையை ஒரே பொருளாக எண்ணுவது. நம்மூர்க் கடை காலையில் ஒன்று, இரவில் இன்னொன்று. காலை ஏழு மணிக்கு இட்லி, வடை போடுகிறவர் ஒருவர். மாலை ஆறு மணிக்குப் பரோட்டாக் கல்லுக்கு வருகிற மாஸ்டர் வேறொருவர். பன்னிரண்டரை மணிக்குத் தம் உடைத்தவுடன் எடுத்த பிரியாணியும், மூன்றரை மணிக்கு அண்டாவின் அடியில் சுரண்டி எடுத்த பிரியாணியும் ஒரே விலைக்குத்தான் விற்கின்றன. இத்தனையையும் கூட்டி வகுத்து 3.9 என்று சொன்னால் அது எந்த வேளையைப் பற்றிய உண்மையும் அல்ல. பார்சல் விஷயம் இன்னும் மோசம். கல்லிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் அடித்து உதிர்த்துப் போட்ட பரோட்டா, இலையில் விழுந்த ஐந்து நிமிடத்துக்குள் சால்னாவோடு சாப்பிட வேண்டியது. அதையே வெள்ளித்தாளில் சுற்றி, பாடி மேம்பால நெரிசலில் முக்கால் மணி நேரம் பையில் வைத்துக் கொண்டுவந்தால் தன் ஆவியிலேயே வெந்து தோல்போல ஆகிவிடும். அந்தக் கோபத்தில் குறைக்கப்படும் நட்சத்திரம் மாஸ்டரின் கணக்கில் போய்ச் சேர்கிறது. கார் நிறுத்த இடமில்லை என்பதற்காகவும் மதிப்பெண் குறைகிறது. அந்தக் கடையின் வாடிக்கையாளர்களோ பெரும்பாலும் பட்டறையிலிருந்து நடந்து வருகிறவர்கள்.

அடுத்த கோளாறு, எழுதுகிறவர் யார் என்பது. மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் எரிச்சல்பட்டவரும் எழுதுகிறார்கள். மாதத்தில் இருபத்தைந்து நாள் அங்கேயே சாப்பிடுகிறவர் எழுதுவதில்லை. அவருக்கு அது தினப்படி விஷயம், எழுதத் தோன்றுவதில்லை. உலகத்திலேயே பெயர்பெற்ற உணவக வழிகாட்டியை 1900இல் பிரான்சில் தொடங்கியது மிஷலின் என்ற டயர் கம்பெனி. அதன் டயர் ஆலை ஒன்று ஆவடி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், தேர்வாய்கண்டிகையில் இருக்கிறது. அந்த வழிகாட்டியின் ஆய்வாளர்கள் தாங்கள் யார் என்று சொல்லாமல் போவார்கள், காசு கொடுத்துச் சாப்பிடுவார்கள், ஒரு முடிவுக்கு வருமுன் தேவைப்பட்டால் மறுபடியும் போவார்கள். அதன் மதிப்பு இந்த மூன்றில்தான் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மதியச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கி நிற்கும் லேத் தொழிலாளி இந்த மூன்றையும் எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார். அவரை யாரும் விருந்தினராக நடத்துவதில்லை, சொந்தக் காசில் சாப்பிடுகிறார், நாளைக்கும் வருவார். திங்கட்கிழமைச் சாம்பாருக்கும் சனிக்கிழமைச் சாம்பாருக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தெரியும். நமக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சாட்சியம் அது. அது பதிவாகாமலே போகிறது.

அந்தச் சாட்சியம் எப்படி இருக்க வேண்டும் என்றால், எந்தப் பண்டம், எந்த வேளை, என்ன விலை, உட்கார்ந்து சாப்பிட்டதா பார்சலா என்பது அதில் இருக்க வேண்டும். 'பஜ்ஜி வேஸ்ட்' என்பதில் ஒன்றுமில்லை. 'ஏழு மணிக்கு மேல் எண்ணெய் கறுத்து நுரைக்கிறது, பஜ்ஜியில் காறல் வாசம் வருகிறது, ஐந்து மணிக்குப் போட்டது நன்றாக இருந்தது' என்பதில் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் வேலை இருக்கிறது. பொரித்த எண்ணெயில் உண்டாகும் முனைவுச் (போலார்) சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. வண்டிக்காரரிடம் அதை அளக்கக் கருவி இருக்காது. நிறமும் நுரையும் வாசமும் வாடிக்கையாளர் மூக்குக்கே எட்டும். அதேபோல, கூடுதல் சாம்பாருக்கு முகம் சுளிக்கிறார்களா, குடிக்க வைக்கும் தண்ணீர் கேன் தண்ணீரா, சுடச்சுட இட்லியைப் பிளாஸ்டிக் தாளில் கட்டுகிறார்களா என்பதெல்லாம் எழுதத் தகுந்த விவரங்கள். கடைசியாகச் சொன்னதைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்திருக்கிறது.

ருசி ஆளுக்கு ஆள் மாறும், இதில் சாட்சியம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். மாறும்தான். காரசாரமான சால்னா ஒருவருக்கு அமிர்தம், இன்னொருவருக்கு வயிற்றெரிச்சல். ஆனால் 'சால்னாவில் மிளகுக் காரம் தூக்கல், தேங்காய் குறைவு' என்று எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் அதே வரி பயன்படும். ஒருவர் போவார், மற்றவர் தவிர்ப்பார். ருசி மாறுவதால்தான் தீர்ப்பைவிட விவரம் முக்கியமாகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கடன் வாங்கி வண்டி போட்ட ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட நமக்கு என்ன உரிமை? லூகாவின் கணக்கைத் திருப்பிப் போட்டால், ஒரு நட்சத்திரம் குறைவது சின்னக் கடையைத்தான் அடிக்கும், பெரிய கடையை அடிக்காது என்று ஆகிறது. இந்தக் கவலையை நான் முழுவதும் ஏற்கிறேன். அதற்காக வாய்மூடி இருப்பது தீர்வாகாது. பிடிக்காதவர் ஒன்றும் சொல்லாமல் கடையை மாற்றிக்கொண்டு போவதும் அதே பிழைப்பைத்தான் கெடுக்கிறது; ஏன் கூட்டம் குறைந்தது என்பதுகூட அந்தம்மாவுக்குத் தெரியாமல் கெடுக்கிறது. முதலில் கல்லாவில் இருப்பவரிடம் நேரில் சொல்ல வேண்டும். 'அக்கா, இன்னைக்குச் சட்னி புளிச்சிருச்சு, மாத்திடுங்க' என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் குறைவு. சொல்லியும் மாறவில்லை என்றால், தேதியோடு, ஆளைப் பற்றி இல்லாமல் பண்டத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். சரிசெய்துவிட்டார்கள் என்றால் பழையதைத் திருத்தி எழுத வேண்டும். நம்மில் பலர் செய்யாமல் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். மாஸ்டர் மாறி, எண்ணெய் மாறி, விலையும் மாறிய பிறகும் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கோபம் அந்தக் கடையின் தலையில் உட்கார்ந்திருப்பது அநியாயம்.

இன்னொரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 'நீட்டா இருக்கும்', 'டீசன்ட் கூட்டம்', 'ஃபேமிலி வரலாம்' என்ற சொற்கள் பல நேரம் சாப்பாட்டைப் பற்றியவையாக இருப்பதில்லை, பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றியவை. தொழிற்பேட்டைச் சந்துகளில் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய பலகையோடு ரொட்டியும் சப்ஜியும் விற்கும் கடைகள், மாட்டிறைச்சிச் சுக்கா போடும் கடைகள், பீப் பிரியாணி அண்டா வைத்த வண்டிகள் ஆகியவை ருசியில் தோற்காமலே மதிப்பெண்ணில் தோற்பதற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம். துப்புரவு என்பது கை கழுவும் இடம், ஈரத் துணி, மூடி வைத்த பாத்திரம் ஆகியவற்றால் அளக்கப்பட வேண்டியது. வாடிக்கையாளரின் சட்டையில் இருக்கும் கிரீஸ் கறை அதற்கு அளவுகோல் இல்லை.

உணவுக் கடைகளுக்குப் போய் வீடியோ போடுகிறவர்கள் இந்த வேலையைச் செய்துவிடவில்லையா என்றும் கேட்பார்கள். சிலர் நேர்மையாகச் செய்கிறார்கள். தெரியாத சந்துக் கடைகளை ஊருக்குக் காட்டிய நன்மை அவர்களால் விளைந்தது. ஆனால் கேமராவோடு வருகிறவருக்கு வைக்கப்படும் லெக் பீஸ் அடுத்த நாள் டோக்கன் வரிசையில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. காசோ இலவசச் சாப்பாடோ பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. போலி மதிப்புரைகளைத் தடுக்க 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. தளங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் அது வந்தது. போலிகளை மூழ்கடிக்க நம்மிடம் இருக்கும் வழி, உண்மையாகச் சாப்பிட்டவர்கள் விவரமாக எழுதுவதுதான்.

ஆனால் நாக்குக்கும் ஓர் எல்லை உண்டு. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். கெட்டுப்போன இறைச்சி பல நேரம் மசாலாவில் மறைந்துவிடும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸில் கிருமி இருப்பது ருசியில் தெரியாது. அந்த வகை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததற்குக் காரணம் அதுதான். மாலையானால் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் சாலையோரம் சுழலும் ஷவர்மா கம்பிகளுக்கு நாம் கொடுக்கும் ஐந்து நட்சத்திரம் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது. அதை அரசுதான் பார்த்துச் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 1998 முதல் ஒவ்வோர் உணவகமும் தன் சுகாதார ஆய்வில் பெற்ற தர அட்டையை வாசலிலேயே தொங்கவிட வேண்டும் என்று ஆக்கினார்கள். அதன்பின் உணவால் வந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தார்கள் என்று ஜின், லெஸ்லி என்ற இரு பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். நம் பக்கத்தில் அம்பத்தூர் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூரையும் ஆவடியையும் இணைக்கும் சி.டி.எச். சாலையில் ஒரே வரிசையில் நிற்கும் கடைகளை இரண்டு மாவட்டங்களின் அதிகாரிகள் பார்க்கிறார்கள். இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் ஆய்வின் முடிவையும் தேதியையும் தமிழில், வாசலில், தெருவில் நிற்பவர் படிக்கும் எழுத்தில் ஒட்ட வைக்க வேண்டும். உணவு உரிமம் பெற்ற கடைகள் அந்த 14 இலக்க எண்ணை ரசீதில் அச்சிட வேண்டும் என்று 2022 ஜனவரியிலிருந்தே விதி இருக்கும்போது இது முடியாத காரியம் அல்ல.

அதுவரை நம் பங்கு இதுதான். இந்த வாரம் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள்: பண்டம், வேளை, விலை, குறையோ நிறைவோ. எழுத வராத நண்பர் சொல்வதைக் கேட்டு அவருக்காகவும் எழுதுங்கள். சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனால் ஒற்றை நட்சத்திரத்தோடு நிறுத்திவிடாமல், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்ஆப் எண்ணுக்குப் படத்தோடும் கடையின் முகவரியோடும் புகார் அனுப்புங்கள்.