மூலநிரல் மட்டும் போதாது

மூலநிரல் பத்திரமாக இருந்தால் போதும், பழைய லினக்ஸை எந்தக் காலத்திலும் புதிய கம்பைலரில் உருவாக்கிக்கொள்ளலாம் என்று மென்பொருள் துறையில் பலர் நம்புகிறார்கள். 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்த பினாங்கில் இந்த நம்பிக்கையை அப்படியே விட்டுவிட முடியாது. பாயான் லெப்பாஸ் போன்ற தொழிற்பேட்டைகளில் ஓர் இயந்திரம் அதற்குள்ளிருக்கும் இயங்குதளத்தைவிட நீண்ட காலம் உழைக்கும். ஒரு பிழையைத் திருத்த அந்த இயங்குதளத்தை மறுபடி உருவாக்க வேண்டிய நாள் எப்படியும் வரும்.

அன்று என்ன நடக்கும்? லினக்ஸின் 2.6 வரிசைக் கெர்னல்கள் பலவற்றில், உருவாக்கும் படிகளைச் சொல்லும் மேக் கோப்பில் ஒரு தனி இலக்கும் ஒரு பொது வடிவமும் ஒரே வரியில் நிற்கின்றன. மேக் 3.81 அதைப் பொறுத்துக்கொண்டது. 2010இல் வந்த 3.82 அந்த வரியிலேயே வேலையை நிறுத்திவிடும். அதைத் தாண்டினால், நேர அளவுகளைக் கணக்கிடும் சிறு பெர்ல் நிரலை 2015இன் பெர்ல் 5.22 ஏற்காது. அதையும் தாண்டினால், ஜிசிசி கம்பைலரின் 5ஆம் பதிப்பு தன் எண்ணைத் தாங்கிய தலைப்புக் கோப்பைத் தேடும். 4 வரை மட்டுமே அறிந்த கெர்னலில் அது இருக்காது. பழைய மொழித் தரத்தைக் கேட்க ஒரு விருப்பக்குறி உண்டே என்பார்கள். உண்டு, அது சி மொழிக்கு உதவும். மேக்குக்கும் பெர்லுக்கும் உதவாது.

ஒவ்வொன்றையும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம் என்பது அடுத்த வாதம். கம்பைல் ஆகிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. 2009இல் கெர்னலின் டன் என்ற மெய்நிகர் பிணைய இயக்கியில் ஒரு வெற்றுச் சுட்டியைச் சரிபார்க்கும் வரி மூலநிரலில் இருந்தது. அது தேவையற்றது என்று முடிவுசெய்த ஜிசிசி அதை நீக்கியதால் பாதுகாப்புத் துளை திறந்தது. ஒரே மூலநிரல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கம்பைலரும் தீர்மானிக்கிறது. வலுவான புதியது பழையதோடு எப்போதும் பொருந்துவதில்லை: பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு உரியும். சிமெண்ட் வலுவானது என்பது அங்கே பதிலாகாது. ஒரு பிழைக்காக மூலநிரலையும் கம்பைலரையும் சேர்த்து மாற்றினால், நாளை வரும் கோளாறுக்குக் காரணம் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய கருவிகள் பாதுகாப்பற்றவை என்ற கவலை நியாயமானது. ஆனால் கம்பைல் செய்ய இணையம் வேண்டியதில்லை; பிணையத்திலிருந்து துண்டித்த மெய்நிகர் இயந்திரம் போதும். கண்டெய்னரை மட்டும் நம்பக் கூடாது. அது வெளிக் கணினியின் கெர்னலையே பயன்படுத்துவதால், சென்ட்ஓஎஸ் 6 காலத்து நிரல்கள், பழைய அழைப்பு வழியை மூடிவிட்ட புதிய கெர்னலில் தொடங்கியதுமே விழுந்துவிடும். டெபியனின் 2005 முதலான பழைய தொகுப்புகள் காக்கப்பட்டுவருகின்றன. ஆனால் விற்பனையாளர் தாமே மாற்றிய கம்பைலர் அங்கே கிடைக்காது. லினக்ஸின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பும் கம்பைல் செய்யும் ஸ்கிரிப்டுகளைக் கேட்கிறது; ஆனால் இயங்குதளத்தோடு வழக்கமாக வரும் கம்பைலருக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே இயந்திரம் வாங்கும் ஒப்பந்தத்திலேயே கருவிகள் அடங்கிய முழு வட்டுப் படிமத்தைக் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன், அதிலிருந்து உங்கள் கண்முன்னே ஒருமுறை உருவாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.